சட்டத்துக்கு எந்தப் பட்டமும் தீட்டு இல்லை

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மதுரையின் கல்லூரி வாசல்களில் பெற்றோர்கள் ஏறி இறங்கும் நேரம் பார்த்து, சென்ற இதழில் ஒரு மூத்த வழக்கறிஞர் அறிவுரைக் கட்டுரை எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகள் எந்த இளங்கலைப் பாடத்தில் சேர வேண்டும், எதன் பக்கமே போகக் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். தன் தொழில் அனுபவத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டதால், படித்தவர்களில் பாதிப்பேராவது நம்பியிருப்பார்கள். அந்தப் பாதிப்பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டுரையாளரை மாற்றிவிடலாம் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை.

அவருடைய வாதத்தைப் பிழிந்தால் தேறுவது இவ்வளவுதான். கெட்டிக்கார மாணவன் பள்ளி முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சேர்ந்துவிடுவான். மூன்றாண்டுப் படிப்பு, வேறு எதிலும் தேறாதவர்கள் வந்து ஒதுங்கும் இடம். பட்டம் முடித்துவிட்டுத்தான் சட்டத்துக்கு வருவேன் என்று அடம் பிடித்தால் அரசியல் அறிவியல், வரலாறு, ஆங்கில இலக்கியம் மூன்றில் ஒன்றை எடுக்கலாம். கணிதம், வேதியியல், விலங்கியல் எல்லாம் மூன்று வருட வீண். வணிகவியல் படித்தவர்கள் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகட்டும். தமிழ் இலக்கியம் படித்தவர்கள் கோர்ட் வராந்தாவைத் தாண்ட மாட்டார்கள். எதுவுமே முடியாதவர்கள் தபால் வழியில் ஏதோ ஒரு பட்டம் வாங்கிவிட்டால் போதும், சேர்க்கையில் மதிப்பெண்ணைத்தானே பார்க்கிறார்கள். முத்தாய்ப்பாக, அமெரிக்காவிலேயே சட்டத்துக்கு முந்தைய படிப்பு என்று தனியாக இருக்கிறது என்கிறார்.

அமெரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் சீக்கிரம் முடியும். அங்கே பள்ளியிலிருந்து நேராகச் சட்டக் கல்லூரிக்குப் போகும் வழக்கம் இல்லை. முதலில் ஏதாவது ஒரு துறையில் நான்காண்டுப் பட்டம், அதன் பிறகு மூன்றாண்டுச் சட்டம். அதாவது இவர் ஒதுங்கும் இடம் என்று இகழும் பாதைதான் அந்த நாட்டின் பொதுவழி. இவர் ராஜபாட்டை என்று கொண்டாடும் ஐந்தாண்டு வழியை அங்கே தேட வேண்டும். போகட்டும், எந்தத் துறையில் பட்டம் வாங்கச் சொல்கிறார்கள்? சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், எந்தப் பாடத்தையும் தான் பரிந்துரைப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி வைத்திருக்கிறது. படிக்கவும் எழுதவும் ஆராயவும் சிக்கலை அவிழ்க்கவும் பழக்கும் எந்தப் படிப்பும் சரி என்பதுதான் அதன் நிலை. சாட்சி சொன்னதை மாற்றிச் சொன்னால் பிறழ் சாட்சி என்போம். இங்கே சாட்சியின் மேல் குற்றம் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூண்டில் ஏற்றிய வக்கீலின் மேல்தான் குற்றம்.

சரி, நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது? இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்கு முன் எந்தத் துறையில் பெற்ற இளங்கலைப் பட்டமும் செல்லும் என்கின்றன. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.ஏ.வோடு மட்டும் சட்டத்தைச் சேர்த்து நடத்தவில்லை, பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. ஆகியவற்றோடும் சேர்த்து நடத்துகிறார்கள். குஜராத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் பி.எஸ்சி.யோடு சேர்த்தே சட்டப் பட்டம் வழங்கியிருக்கிறது. கணினியும் கணக்கும் அறிவியலும் சட்டத்துக்கு ஒட்டாதவை என்றால் இந்தப் பல்கலைக்கழகங்களெல்லாம் விவரம் தெரியாமல் நடத்துகின்றன என்றாகிறது. கட்டுரையாளர் அப்படிச் சொல்லத் துணிந்தால் அது வேறு கட்டுரை.

ஐந்தாண்டுப் படிப்பின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. டாக்டர் தங்கராஜ் சாலையில் இருக்கும் மதுரை அரசு சட்டக் கல்லூரியிலிருந்து அந்தப் பட்டத்தோடு வெளியே வந்து நன்றாகத் தொழில் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். 17 வயதிலேயே இதுதான் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைகள் தாராளமாகச் சேரட்டும். மூன்றும் மூன்றும் ஆறு என்ற கணக்கில் ஒரு வருடம் மிச்சமாவதும் உண்மை. ஆனால் அந்த ஒரு வருடத்தைத் தராசில் வைத்த மூத்தவர், மறுதட்டில் இருப்பதைத் துண்டு போட்டு மூடிவிட்டார். ஐந்தாண்டுப் படிப்பை நடுவில் விட்டால் பி.ஏ. மட்டும் பிரித்துத் தர மாட்டார்கள். அதை பார் கவுன்சில் விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. மூன்றாம் வருடம் முடிந்து அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி படிப்பை நிறுத்த நேர்ந்தால் அவள் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ்தான். அதே மூன்று வருடத்தை ஒரு பி.எஸ்சி.க்குக் கொடுத்திருந்தால் அவளிடம் ஒரு பட்டம் இருக்கும். குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம், பி.எட். போகலாம், வீட்டு நிலைமை சரியானதும் சட்டத்துக்கும் வரலாம். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்து எழுதிய அறிவுரையை ஊருக்கெல்லாம் பொதுவாக்கினால் இப்படித்தான் ஆகும்.

இனி, எந்தப் பாடம் வீண் என்ற கேள்விக்கு வருவோம். அவர் கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க சினிமாக் கோர்ட்டை விட்டு இறங்கி மேலூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

அங்கே வருவதில் பெரும்பகுதி நிலம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பாதைத் தகராறு. ஒரு சாதாரண வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம் சுதந்திரத்துக்கு முந்தியது. அதில் சக்குபந்தி எழுதியிருக்கும்: இன்னாருடைய நஞ்சைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு என்று. விஸ்தீரணம் ஒரு ஏக்கர் 12 சென்ட். இப்போது கையில் இருக்கும் பட்டாவில் 0.40.50 ஹெக்டேர். யு.டி.ஆர். திட்டத்தில் பழைய சர்வே எண் உடைந்து புதிய உட்பிரிவு எண் விழுந்திருக்கிறது. 40.50 ஏர்ஸை சென்டாக்கினால் 100 சென்ட் சொச்சம், அதாவது ஒரு ஏக்கர். மீதி 12 சென்ட் எங்கே? பக்கத்துக்காரர் பட்டாவில் ஏறிவிட்டதா, வாய்க்கால் புறம்போக்கில் போய்விட்டதா, எழுதும்போதே தப்பா? எஃப்.எம்.பி. வரைபடத்தை விரித்து, புலத்தை முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரித்துப் பரப்பைப் போட்டுப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடைக்காது. ஜூனியராக வரும் கணிதப் பட்டதாரி இந்தக் கட்டைப் பிரித்ததும் காகிதமும் பென்சிலும் எடுப்பார். கட்டுரையாளர் பரிந்துரைக்கும் அரசியல் அறிவியலில் பிளேட்டோ உண்டு, மாக்கியவெல்லி உண்டு. காணாமல் போன 12 சென்டுக்கு அதில் எந்தத் தாளில் விடை இருக்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அரசியல் அறிவியலை நான் மட்டம் தட்டவில்லை. அரசமைப்புச் சட்டத்தைப் புரிந்துகொள்ள அது நல்ல துணை. ஆனால் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடும் வழக்கறிஞர் ஒருவர் என்றால், தாலுகா கோர்ட்டுகளில் பிராது எழுதும் வழக்கறிஞர்கள் பலர். அறிவுரை அந்தப் பலரையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

கணிதம் வீண் என்ற வாக்கியத்துக்கு இன்னும் கொஞ்சம் விலை போட்டுக் காட்டுகிறேன். மோட்டார் விபத்து இழப்பீடு கேட்டுப் போடும் எம்.சி.ஓ.பி. வழக்குகள் இல்லாத மாவட்ட நீதிமன்றம் தமிழ்நாட்டில் இல்லை. இழப்பீட்டைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் வழி வகுத்திருக்கிறது: 2009-இல் சரளா வர்மா வழக்கு, 2017-இல் அரசமைப்பு அமர்வு சொன்ன பிரணய் சேத்தி வழக்கு. ஓர் உதாரணம் போடுவோம். 32 வயது லோடுமேன் ஒருவர் லாரி மோதி இறந்துபோகிறார். மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று நிரூபணமாகிறது. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என அவரை நம்பி நான்கு பேர். சொந்தமாக உழைத்துச் சம்பாதிப்பவர், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும்: 21,000. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழியும்: 15,750. வருடத்துக்கு 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்குத்தொகை 16. மொத்தம் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு போன்ற சில்லறைத் தலைப்புகள் தனி.

இதில் அந்த 40 விழுக்காட்டை மட்டும் மறந்துவிட்டுக் கணக்கிட்டால் என்ன வரும்? 21,60,000. வித்தியாசம் 8,64,000 ரூபாய். தீர்ப்பாயத்தின் முன் முழு விசாரணை நடந்தால் நீதிபதியே இதைக் கவனித்துச் சரிசெய்யலாம். லோக் அதாலத்தில் அப்படி இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரு தொகையைச் சொல்வார். அது நியாயமா, அடிமாட்டு விலையா என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிய வேண்டும். தெரியாத வக்கீல் கட்சிக்காரரைப் பார்த்து ‘வாங்கிக்கம்மா, கேஸ் இழுத்துக்கிட்டே போகும்’ என்பார். அந்த அம்மாவும் கைநாட்டு வைப்பார். அவர் இழந்தது ஒரு பெருக்கல் தெரியாததன் விலை. இதற்கு மேலும் கணிதம் வீண் என்று எழுத ஒருவருக்குக் கை வந்தால், அவர் கட்சிக்காரர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

விலங்கியலும் வேதியியலும் ஏன் வேண்டும் என்று கேட்கிறார். கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழைக் கையில் வாங்கி, காயத்தின் நீள அகல ஆழத்தைப் படித்து, எந்த ஆயுதத்தால் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்த வெட்டு என்று டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் ஐயா. உடல் விறைப்பு எத்தனை மணி நேரத்தில் தொடங்கி எப்போது தளரும் என்று தெரியாதவர், இறந்த நேரத்தைப் பற்றி என்ன கேள்வி கேட்பார்? கஞ்சா வழக்கில் ஆய்வகத்துக்குப் போன மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எப்படி முத்திரையிடப்பட்டது, அறிக்கை எதை நிரூபிக்கிறது என்பதில்தான் ஒரு மனிதனின் பத்து வருடம் தொங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது. இதை முழுமையாகக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. இன்று பி.எஸ்சி. சேரும் மாணவி சட்டமும் முடித்துக் கறுப்புக் கோட்டு போடும்போது அந்த அவகாசம் தீர்ந்திருக்கும். தடயவியல் அறிக்கை இல்லாத பெரிய வழக்கே இருக்காது. அதே நாளில் வந்த சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவோ, சிசிடிவி பதிவையும் வாட்ஸப் உரையாடலையும் தாக்கல் செய்ய ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் கேட்கிறது. அந்த எண் எதற்கு, ஒரு எழுத்து மாறினால் அது ஏன் தலைகீழாக மாறும் என்று பி.சி.ஏ. படித்த பையனுக்கு விளக்கத் தேவையில்லை. நம் மூத்தவருக்கு விளக்க ஒரு பி.சி.ஏ. ஜூனியர் தேவைப்படுவார். அவரை வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்!

மேலூர் வட்டாரத்துக்காரர்களுக்குக் கிரானைட் விவகாரத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. 2012-இல் வெடித்து, 2014-இல் உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை ஆணையராக நியமித்து, 2015-இல் அவர் அறிக்கை கொடுத்த விவகாரம். குவாரிகளில் எவ்வளவு கன மீட்டர் கல் வெட்டப்பட்டது, கணக்கில் எவ்வளவு காட்டப்பட்டது, குத்தகை எல்லை எங்கே முடிந்து புறம்போக்கு எங்கே தொடங்கியது, கண்மாயும் வாய்க்காலும் என்ன ஆயின என்பவைதான் அதன் உயிர்நாடி. அங்கே நிலவியல் தெரிந்த வழக்கறிஞருக்கும் கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த பி.காம். வழக்கறிஞருக்கும் ஒரு யுகத்துக்கான வேலை கிடந்தது. ஆடிட்டர் ஆபீசுக்குப் போங்கள் என்று வணிகவியல் பிள்ளைகளை விரட்டுகிறவர், காசோலை மோசடி வழக்குகள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் எவ்வளவு குவிந்து கிடக்கின்றன என்பதை எட்டிப் பார்த்ததே இல்லையா?

அடுத்தது தமிழ். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. தமிழ் இலக்கியம் படித்தவர்கள் வராந்தாவைத் தாண்ட மாட்டார்களாம். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுத வழி செய்த சட்டத் திருத்தம் 1976-இல் வந்தது. அங்கே சாட்சி தமிழில் பேசுகிறார், வாக்குமூலம் தமிழில் பதிவாகிறது, பத்திரம் தமிழில் இருக்கிறது, உயில் தமிழில் இருக்கிறது. பழைய ஓலைநடைத் தமிழில், முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கம் ஓடும் தானசெட்டில்மெண்ட் பத்திரத்தில், ‘ஆண்டு அனுபவித்து வர வேண்டியது’ என்பது முழு உரிமையா ஆயுள்கால உரிமையா என்று பிரித்துப் படிக்க யாருக்குப் பயிற்சி அதிகம்? சொல்லுக்குச் சொல் உரை கண்டு மூன்று வருடம் தேய்ந்தவருக்கா, கதைச் சுருக்கத்தை நோட்ஸில் மனப்பாடம் செய்தவருக்கா? சிவில் நீதிபதி தேர்வை நடத்தும் டி.என்.பி.எஸ்.சி., மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் வாக்குமூலங்களையும் தீர்ப்புப் பகுதிகளையும் மாற்ற வேண்டும். இங்கே தமிழ் தடுமாறுகிறவர் நீதிபதி நாற்காலியில் உட்கார முடியாது.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லும் முட்டாள்தனத்தை நான் செய்ய மாட்டேன். அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பு இருக்கும்வரை ஒத்தக்கடையில் ஆங்கிலம்தான். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபோது சென்னைக்கு ரயிலேறும் அலைச்சல் தீர்ந்ததே தவிர, மொழிச் சிக்கல் தீரவில்லை. ஆனால் வழக்கறிஞருக்கு வேண்டியது மனுவும் வாதமும் எழுதும் ஆங்கிலம். அது பி.ஏ. ஆங்கில இலக்கியம் என்ற பெயர்ப்பலகைக்குள் போனால் தானாக ஒட்டிக்கொள்ளாது. தினமும் படித்து, தினமும் எழுதி, தப்பைத் திருத்திக்கொண்டால் இயற்பியல் படித்தவருக்கும் வரும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பு இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே தீர்ப்பை இரண்டு மொழியிலும் வைத்துக்கொண்டு வாரம் ஒன்று படிக்கும் மாணவர், எந்த வகுப்பில் இருந்தாலும், மூன்று வருடத்தில் கட்டுரையாளரின் பட்டியலைத் தாண்டிப் போய்விடுவார்.

தபால் வழிப் பட்டம் பற்றி அவர் போகிறபோக்கில் எழுதியிருப்பது அலட்சியம் மட்டுமில்லை, ஆபத்தும்கூட. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முறையாக முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவருக்குச் சட்டப்படிப்பில் சேரத் தடை இல்லை. ஆனால் பள்ளிப் படிப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் செல்லாது என்று அதே 2008 விதிகளில் விளக்கம் இருக்கிறது. எப்படியாவது ஒரு பட்டம் என்ற அறிவுரையை நம்பி, பணம் கட்டி, மூன்று வருடம் போக்கி, விண்ணப்பம் சரிபார்க்கும் மேசையில் நிராகரிக்கப்படும் மனிதருக்கு இந்தக் கட்டுரையாளர் நஷ்டஈடு தருவாரா? சட்டத்தைப் பற்றி எழுதும் வழக்கறிஞர் சட்டக் கல்வி விதியைப் புரட்டிப் பார்க்காமல் எழுதியது எனக்கு வியப்பாக இருக்கிறது.

மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்பதில் உண்மை உண்டு. தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பின் மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். ஆகவே எளிதாக மதிப்பெண் தரும் பாடத்தை எடு என்கிறார். கட்டுரை முழுவதிலும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வைத்த இடம் இது ஒன்றுதான். யோசித்தால் இதுவும் அவருக்கு எதிராகவே திரும்புகிறது. பிடிக்காத பாடத்தில் யாருக்கும் எளிதாக மதிப்பெண் விழுவதில்லை. தாவரவியலில் உயிரை விடும் பெண்ணை வரலாற்றில் தள்ளினால் அவள் தேர்ச்சி பெறுவாள், தரவரிசையில் மேலே வர மாட்டாள். அவரே சொல்லும் மதிப்பெண் வாதப்படி பார்த்தால், பிள்ளை விரும்பும் பாடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

பெரிய மனிதர்களின் பெயர்களை அடுக்கி வாதம் செய்வது எனக்குப் பிடிக்காத வேலை. அவர்தான் நானி பால்கிவாலாவின் பெயரைச் சொல்லி, பார்த்தீர்களா ஆங்கில இலக்கியம் என்று தொடங்கிவைத்தார். உண்மைதான், பால்கிவாலா ஆங்கிலத்தில் எம்.ஏ. ஆனால் நாடு அவரை முதலில் அறிந்தது வருமான வரிச் சட்டத்துக்கு அவர் எழுதிய உரைநூலால். கூட்டம் திரண்டு கேட்டது அவருடைய பட்ஜெட் பேச்சுகளை. இலக்கியம் படித்தவர் எண்களின் அரசனானார் என்பது கட்டுரையாளருக்கு உதவும் கதையா, எனக்கு உதவும் கதையா? உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, பின்னால் நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி, வேதியியல் பட்டதாரி. இங்கிலாந்தின் டென்னிங் பிரபு ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். பக்கத்துச் சிவகங்கைச் சீமையின் ப. சிதம்பரம் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போனவர். அம்பேத்கரின் முதல் துறை பொருளாதாரம்.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஜார்ஜ் ஜோசப். எடின்பரோவில் தத்துவத்தில் முதுகலை முடித்து, லண்டனில் பாரிஸ்டராகி, மதுரையில் வந்து தொழில் நடத்தியவர். 1918-இல் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்து நொந்த பிரமலைக் கள்ளர்களுக்காக வழக்காடி, அவர்கள் வாயாலேயே ரோசாப்பூத் துரை என்று பேர் வாங்கியவர். தத்துவம் எங்கள் மூத்தவரின் பட்டியலில் இல்லை. அதே சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பட்டியலைப் பற்றிக் கவலையும் இருந்திருக்காது.

இத்தனைக்கும் பின்னால் அந்தக் கட்டுரையில் எனக்குத் தெரிவது ஒரு பழைய மனப்பான்மை. வழக்கறிஞர் என்றால் மேடையில் மேற்கோளோடு பேசும் ஆங்கிலக் கனவான் என்ற சித்திரம். மூன்றாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சித்திரம் கலைந்துவிடும். வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெண்கள், சொந்த நிலத்துக்காகப் பத்து வருடம் வாய்தாவுக்கு அலைந்து, இனி நானே படித்துக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்தவர்கள். இவர்களை ஒதுங்க வந்தவர்கள் என்கிறார். வழக்கு என்பது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று முதல் நாளே தெரிந்து வருகிறவர்கள் இவர்கள்தான்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நேரடியாகச் சில வார்த்தைகள். அமெரிக்கன் கல்லூரியோ, மதுரைக் கல்லூரியோ, லேடி டோக்கோ, பாத்திமாவோ, மீனாட்சி அரசு கல்லூரியோ, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு கல்லூரியோ, பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் மனம் லயிக்கிறதோ அதில் சேருங்கள். அதை ஆழமாகப் படிக்கட்டும். கூடவே இரண்டு மொழியிலும் எழுதிப் பழகட்டும். நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. விடுமுறை நாளில் மாவட்ட நீதிமன்றத்தில் பின் வரிசையில் அமைதியாக உட்கார்ந்து ஒரு குறுக்கு விசாரணையைப் பார்க்கட்டும். கல்லூரிக்கு விடுமுறை, கோர்ட்டுக்கு வேலை நாள் என்று பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்துச் சட்டம் வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அந்தப் பட்டத்தோடு விண்ணப்பியுங்கள். விலங்கியலா தமிழா வணிகவியலா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பொதுப் பிரிவுக்குக் குறைந்தது 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும் என்பதுதான் விதி.